அபர்கவென்னி பக்கம் ஓடியவர்கள் யாராவது உண்டா?

அக்டோபர் நடுவில் வேல்ஸில், அஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் அபர்கவென்னியில் ஒரு வாரம் தங்கப்போகிறேன், தினமும் காலையில் ஓடணும் (அங்கே அப்போது விடியவே ஏழரை ஆகிவிடும், அது வேறு விஷயம்). லான்ஃபாய்ஸ்டிலிருந்து கில்வெர்ன் வரை கால்வாய்க்கரைப் பாதை இருக்கிறது. மலைச்சரிவை ஒட்டி, ஏற்ற இறக்கமே இல்லாமல், மரநிழலில் போகிறது, மூட்டுக்கும் நல்லது, ஆனால் தினமும் அதுவே என்றால் சலித்துவிடும்.

அதனால் ஒரு நாளாவது சுகர் லோஃப் ஏற ஆசை, 596 மீட்டர். செயின்ட் மேரிஸ் வேல் ஓக் காடு வழியாக ஏறலாமா, வேறு நல்ல வழி இருக்கிறதா? மழைக்கு மறுநாள் ரொம்ப வழுக்குமா? சாதாரண ஷூ போதுமா, டிரெயில் ஷூ வாங்கியே ஆகணுமா? அப்புறம், ஸ்கிரிட் முகட்டில் ஓடியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். 10 முதல் 15 கிலோமீட்டருக்குள் சுற்றி வருகிற பாதையாக இருந்தால் நல்லது.