1780 என்று பொறித்த புதுக்காசு: செட்டியார் தெருவில் ஓர் அனுபவம்

நண்பர்களுக்கு வணக்கம். பழைய நாணயங்களின் வடிவத்தை எடுத்து இக்காலத்தில் அச்சிடப்படும் வெள்ளிப் புரூஃப் நாணயங்களை, அதாவது சேகரிப்போருக்காகத் தனிக் கவனத்தோடு அடிக்கப்படும் பளபளப்பான காசுகளை, சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். மூல நாணயத்தை நேரில் பார்த்த பிறகு, அல்லது அதன் உலோகம், எடை, வரலாறு ஆகியவற்றைத் தெளிவாக அறிந்த பிறகே அதன் புதிய வடிவத்தை வாங்குவது என்று எனக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அந்த வழக்கத்தை உறுதிப்படுத்திய அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

என் சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மரியா தெரேசா தாலர். ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அரசி 1780 நவம்பரில் காலமானார். ஆனால் அவருடைய உருவம் பொறித்த வெள்ளிக்காசையே நம்பிப் பழகியிருந்த செங்கடற்கரை வணிகரும் எத்தியோப்பியரும் அரபு நாட்டவரும் வேறு காசை எளிதில் ஏற்கவில்லை என்பதால், ஆண்டைக்கூட மாற்றாமல் அது தொடர்ந்து அச்சிடப்பட்டது. வியன்னாவில் மட்டுமன்றி இலண்டன், பாரிஸ், ரோம், பம்பாய் ஆகிய நகரங்களிலும் அச்சடித்திருக்கிறார்கள். வியன்னா நாணயச்சாலை இன்றும் 833 தர வெள்ளியில் (ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு), ஏறத்தாழ 28.07 கிராம் எடையில், சாதாரண அச்சாகவும் புரூஃபாகவும் அதை வெளியிடுகிறது.

புரூஃபோடு வைத்து ஒப்பிடுவதற்காக ஒருவரிடமிருந்து சாதாரணத் தாலர் ஒன்றை வாங்கினேன். அதைச் சோதித்துப் பார்க்கக் கொழும்புச் செட்டியார் தெருவில் எனக்குப் பழக்கமான முதிய நகைத்தொழிலாளி ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, 1780 எண்டு போட்டிருக்கு. காசு நேற்று அடிச்ச மாதிரி இருக்கு. இதை யாரோ செய்து உங்கட தலையில கட்டியிட்டாங்கள்" என்றார். நான் அரசியின் கதையைச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை; உரைகல்லையும் எடுக்கவில்லை. காசை நிறுத்தார்: 28.07 கிராம். பிறகு சிறு கண்ணாடிக் குவளையில் நீரை ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் தொடாதபடி நீருக்குள் தொங்கவிட்டார். தராசு 2.75 காட்டியது; காசு விலக்கிய நீரின் எடை அது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 10.2 வருகிறது. இதுவே ஒப்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண். தூய வெள்ளிக்கு அது 10.49, செம்புக்கு 8.96. 833 தரக் கலவைக்கு வரவேண்டிய எண் அந்த 10.2தான். "வெள்ளிதான், செம்பு கலந்திருக்கு" என்று சொல்லிக் காசைத் துணியில் ஒற்றித் தந்தார்.

அந்தக் காலத்து வணிகர்கள் அரசியின் தோளில் உள்ள அணியூசியின் (புரூச்) முத்துகளை எண்ணிப் பார்த்தே காசை ஏற்றார்கள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. காசைத் திரும்ப வாங்கி எண்ணத் தொடங்கிவிட்டார். சாதாரண அச்சான என் தாலரில் முத்துகள் தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை. புரூஃபை அதன் கப்சூலோடு (காசை மூடிவைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடு) பக்கத்தில் வைத்தபோது ஒன்பது முத்துகளும் தனித்தனியே தெரிந்தன. மெருகேற்றிய அச்சையும் மெருகேற்றிய வெற்று வெள்ளி வில்லையையும் கொண்டு, மெதுவாக, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிப்பதாலேயே இது முடிகிறது. தளம் கண்ணாடிபோல் பளபளக்க, உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக நிற்கும். செதுக்கியவரின் கை எதுவரை சென்றது என்பதைத் தேய்ந்த மூலத்தைவிடப் புரூஃபே நமக்குக் காட்டுகிறது. இந்த வகை நாணயங்களை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அதுவே.

எல்லா மறுபதிப்பும் ஒரே தன்மையுடையதல்ல. தாலர் தன் உலோகத்தையும் எடையையும் காத்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் மோர்கன் டாலரோ விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 900 தரத்திலிருந்து 2021இல் 999 தரத்துக்கு மாறிவிட்டது. வில்லியம் வயோன் 1839இல் செதுக்கிய 'ஊனாவும் சிங்கமும்' மூலத்தில் ஐந்து பவுண் தங்க நாணயம். பிரித்தானிய அரச நாணயச்சாலை 2019இல் அதை வெள்ளியிலும் வெளியிட்டது. அழகில் குறையில்லை, ஆனால் மூலத்தின் உலோகம் இல்லாத ஒன்றுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் தனிப்பட்ட கருத்து. மாறுபடுபவர்கள் தம் அனுபவத்தை எழுத வேண்டும்.

பழைய வடிவத்தை எடுத்தாள்வது நமக்குப் புதிதுமல்ல. கொழும்புக் கோட்டை சதாம் வீதியில் இலங்கை மத்திய வங்கி நடத்தும் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு புறம் நிற்கும் அரசன், மறு புறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர் என்ற இராசராச சோழன் காசின் அமைப்பையே பொலன்னறுவை அரசர்களும் தம் காசுகளில் வைத்துக்கொண்டார்கள். அரசி லீலாவதியின் காசிலும் பெயர் மட்டுமே மாறியது. நந்தியும் பிறையும் 'சேது' என்ற தமிழ் எழுத்துகளும் கொண்ட யாழ்ப்பாண அரசின் காசையும், பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையின் 1821ஆம் ஆண்டு யானை பொறித்த வெள்ளி ரிக்ஸ் டாலரையும் ஏதாவது ஒரு நாணயச்சாலை முறையாகப் புரூஃபில் கொண்டுவந்தால் விலையைப் பார்க்காமல் வாங்குவேன்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்றும் ஈரமும் வெள்ளியை விட்டுவைப்பதில்லை. நண்பர் ஒருவரின் வீட்டில், கறுத்துவிட்டது என்று நல்லெண்ணத்தோடு குத்துவிளக்குத் துலக்கும் பொடியைப் போட்டுப் புரூஃப் நாணயத்தைத் தேய்த்துவிட்டார்கள். கண்ணாடித் தளம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள். விற்கப் போனபோது வெள்ளியின் விலைக்கு மேல் எவரும் கேட்கவில்லை. கப்சூலைத் திறக்காதீர்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையிலும் இறப்பர் வளையத்திலும் வெள்ளியை வைக்காதீர்கள். முன்னது பச்சைப் பசையை விடும், பின்னதிலுள்ள கந்தகம் கறுக்கச் செய்யும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியை இட்டு, அது ஈரம் உறிஞ்சி ஓய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

1821 ரிக்ஸ் டாலரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இங்கு யாரேனும் இருந்தால், யானையின் உருவம் எந்த இடத்தில் முதலில் தேய்கிறது என்று எழுதுங்கள். சேதுக் காசு வைத்திருப்பவர்கள் அதன் எடையைக் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.