பக்கத்துக் கொறங்காட்டில் கல்குவாரி வருகிறது. எந்த நிலத்தில் கல் எடுக்கலாம் என்று யார் முடிவு செய்வது?

மேட்டுக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். கரூருக்கு மேற்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் மேட்டுக்காடு. முருங்கை கொஞ்சம், மீதியில் மாட்டுக்குச் சோளத்தட்டு. தாத்தா கட்டிய தோட்டத்துச் சாளையில்தான் இன்றைக்கும் குடியிருக்கிறோம். எங்களுக்குக் கிழக்கே பத்து ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்ளவேல மரம், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். அதை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் வண்டி வந்து நாலு இடத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். மேலே ரெண்டு மூணு மீட்டர் கிராவல், கீழே முழுப் பாறை என்று டிரைவரே சொன்னார். குவாரிக்கு மனுப் போட்டாகிவிட்டதாம்.

அங்கிருந்து எங்கள் சாளை 180 மீட்டர்தான் வரும். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி இருக்கிறதே என்று கிராம அலுவலகத்தில் கேட்டேன். உங்களுடையது தோட்டத்து வீடு, குடியிருப்புக் கணக்கில் வராது என்கிறார்கள். மூணு தலைமுறை இருந்த வீடு குடியிருப்பு இல்லையா என்று அம்மா கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை.

கொறங்காட்டுக்கும் எங்களுக்கும் நடுவே கொஞ்சம் புறம்போக்கு இருக்கிறது. அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் கிராம நிலக் கணக்கு) கல்லாங்குத்து என்று போட்டிருக்கிறது, ஊர் ஆடெல்லாம் அங்கேதான் மேயும். அதற்கும் ஆபத்தா? கல், கிராவல் எடுக்கும் இடம் என்று நிலத்தை முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார்களா, இல்லை மனுப் போட்டவர் காட்டும் இடம்தான் குவாரியா? வடக்கே ஒரு பழைய குவாரி தண்ணீர் நின்று குளம் மாதிரி கிடக்கிறது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு பயம்.

பழைய அளவர்:

தம்பி, நில அளவையில் முப்பது வருஷம் இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த கல்லாங்குத்து. அ-பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் எல்லாம் வரி போடுவதற்காக அந்தக் காலத்தில் வைத்தவை. நன்செய், புன்செய், தரிசு, மேய்க்கால், கரடு, பாறை, கல்லாங்குத்து. கல்லாங்குத்து என்றால் உழுதால் ஒன்றும் வராத இடம், தீர்வை கிடையாது, அவ்வளவுதான் அர்த்தம். கல் உடைக்க ஒதுக்கிய இடம் என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் நடைமுறையில் அந்தச் சொல்லே குவாரிக்கு வழி விட்டுவிடுகிறது. கோப்பைப் பார்க்கிறவர் பாறை என்று படிக்கிறார், ஆடு மேய்வது அந்தத் தாளில் தெரியாது. உங்கள் பக்கத்துக் கொறங்காடும் கணக்கில் புன்செய் என்றுதான் இருக்கும், நூறு வருஷமாக மேய்ச்சல் நிலம் என்பது எங்கேயும் எழுதியிருக்காது.

குவாரிக்கு அடிப்படை 1959ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். அரசுப் புறம்போக்கு என்றால் டெண்டர் விடுவார்கள், பட்டா நிலம் என்றால் உரிமையாளரோ அவர் சம்மதம் பெற்றவரோ கலெக்டருக்கு மனுப் போட வேண்டும். (ஆற்று மணல் தனிக் கதை, 2003லிருந்து அரசே எடுக்கிறது.) அப்புறம் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), கனிமவளத் துறை உதவி இயக்குநர் என்று ஒவ்வொருவரும் அறிக்கை தருவார்கள். அது சரியாக இருந்தால் குத்தகைக்குரிய இடத்தைக் குறித்துத் தரும் பிரிசைஸ் ஏரியா கடிதம், அதன் பிறகு சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, கடைசியில்தான் குத்தகை. ஆக, நிலத்தை முன்னாலேயே யாரும் பிரித்து வைக்கவில்லை. மனு வந்த பிறகுதான் அந்தச் சர்வே எண்ணைப் பார்க்கிறார்கள்.

நீங்கள் சொன்ன 300 மீட்டர் தூரம் அந்தச் சிறுகனிம விதிகளில் 36ஆவது விதியில் வருகிறது. குடியிருப்பு என்றால் வருவாய் ஆவணத்தில் ஊராகவோ வீட்டுமனையாகவோ காட்டியிருப்பதும், அனுமதி பெற்ற மனைப்பிரிவும் என்று விளக்கம் வைத்திருக்கிறார்கள். நம் கொங்குப் பக்கம் வீடுகள் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறித்தான் இருக்கும், இந்த விளக்கம் தெருவாக வீடு கட்டும் ஊருக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தவே இல்லை. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம். நான் அளக்கப்போன இடங்களில் சாளையை வரைபடத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறேன், மேலே போன அறிக்கையில் அது இருக்காது.

அதற்காகச் சும்மா விடவேண்டாம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, எத்தனை வருஷம் பழையதோ அவ்வளவு நல்லது, எல்லாம் நகல் எடுத்து இப்போதே ஆர்டிஓவுக்கும் உதவி இயக்குநருக்கும் மனுக் கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. தூரத்தைக் குழியின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள், குத்தகை கேட்கும் எல்லையிலிருந்து அளக்க வேண்டும்.

நொய்யல்கரை:

அளவர் ஐயா சொன்னது முழுக்கச் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முன்கூட்டியே பிரித்து வைக்க ஒரு வழி காகிதத்தில் இருக்கிறது, மாவட்டத்தில் எந்தச் சிறுகனிமம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அறிக்கை, பேர் மாவட்ட ஆய்வறிக்கை.

2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில், 5 ஹெக்டேருக்குக் கீழே உள்ள சிறுகனிம குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அதற்கு முன்னால் பெரிய இடத்தைத் துண்டு துண்டாக்கி அனுமதியே இல்லாமல் ஓட்டினார்கள். பிறகு 2016 ஜனவரி அறிவிக்கையில் ஒவ்வொரு மாவட்டமும் ஒவ்வொரு சிறுகனிமத்துக்கும் தனி அறிக்கை தயாரிக்க வேண்டும், வரைவைக் கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று வந்தது. அனுமதி மனுவுக்கு அடிப்படையே அந்த அறிக்கைதான். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் அந்த 21 நாள் ஓடிப்போய்விடுகிறது. போராட்டமெல்லாம் ஜல்லி லாரி ஓட ஆரம்பித்த பிறகு நடக்கிறது, அப்போது கையில் ஆயுதமே இருக்காது. தயவுசெய்து உங்கள் மாவட்டத் தளத்தில் அறிக்கையைத் தேடி எடுத்து உங்கள் கிராமத்தின் பெயர் வருகிறதா பாருங்கள்.

இன்னொன்று, பத்து ஏக்கர் என்பது 4.05 ஹெக்டேர். 5க்குக் கீழே வருகிறது, அதனால் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்பார்கள். 500 மீட்டருக்குள் வேறு குத்தகை ஓடிக்கொண்டிருந்தால் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், மொத்தம் 5ஐத் தாண்டினால் கூட்டம் நடத்தியாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று பரிவேஷ் என்ற மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளத்தில் பழைய அனுமதிகளைத் தேடிப் பாருங்கள்.

சேக்ரமெண்டோவிலிருந்து:

நான் இங்கே கட்டுமானத் துறையில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தாராபுரம். கலிபோர்னியாவில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 1975இல் ஒரு சட்டம் வந்தது. யாரும் மனுப் போடுவதற்கு முன்பே மாநில நிலவியலாளர் மண்ணையும் கல்லையும் மட்டும் பார்த்து நிலத்தை நான்கு வகையாகப் பிரித்துவிடுவார். முக்கியமான படிவு இல்லாத இடம், இருக்கும் இடம், இருக்கிறது ஆனால் அதன் மதிப்பு உறுதியாகவில்லை, தகவலே போதாது. அதன் பிறகு தனி வாரியம் ஒன்று அந்த வட்டாரத்துக்கு 50 வருஷத்துக்கு எவ்வளவு ஜல்லி, மணல் தேவை என்ற கணக்கை வைத்து, எந்த இடங்கள் முக்கியமானவை என்று அறிவிக்கும். நகர நிர்வாகம் தன் திட்டத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதித்தால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும்.

அந்தச் சட்டத்தின் கவலை, வீடுகள் வந்து கல்லை மூடிவிடுமே என்பது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இர்விண்டேல் என்ற ஊரைப் பார்த்திருக்கிறேன், நெடுஞ்சாலையிலிருந்தே பிரம்மாண்டமான கிராவல் குழிகள் தெரியும். குழியோரம் குடியிருப்பவர்களுக்கு அங்கேயும் கஷ்டம்தான். ஆனால் வீடு வாங்கப் போகிறவர் வரைபடத்தைப் பார்த்து இங்கே குவாரி வரலாம் என்று தெரிந்துகொள்ள முடியும். இந்த அண்ணன் வீட்டுக்கு அந்தத் தகவல் துளை போடும் வண்டி வடிவில் வந்திருக்கிறது. ஜல்லி எல்லோருக்கும் வேண்டும், நான் தினமும் அதைத்தான் ஆர்டர் போடுகிறேன். எங்கே எடுப்பது என்பதை முன்னால் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

மேட்டுக்காடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு இ-சேவை தளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் (அந்தச் சர்வே எண்ணின் அளவை வரைபடம்) எடுத்துப் பார்த்தேன். அந்தக் கொறங்காட்டின் தென்கிழக்கு மூலையில் ஒரு ஓடை காட்டுகிறது! நேரில் போய்ப் பார்த்தால் ஓடை இருந்த தடமே இல்லை, இப்போது மண் தள்ளி நிரவியிருக்கிறார்கள். சின்ன வயதில் அதில் நண்டு பிடித்திருக்கிறோம். இது உதவுமா ஐயா?

பழைய அளவர்:

நிச்சயம் உதவும் தம்பி. நீர்வழிக்கு 50 மீட்டர் விட்டாக வேண்டும், பத்து ஏக்கரில் அது கணிசமான இடம். புலப்படத்தில் இருக்கும் ஓடையை மண் போட்டு மறைத்தாலும் அது ஓடைதான். நிரவிய இடத்தைத் தேதியோடு போட்டோ எடுங்கள், மூலையில் சர்வே கல் இருந்தால் அதுவும் படத்தில் விழட்டும், கல்லை மட்டும் தொடாதீர்கள். சாளைக்கு ஒரு மனு, ஓடைக்குத் தனியாக ஒரு மனு. ரெண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். திங்கள்கிழமை மனு நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு இங்கே எழுதுங்கள், அளவைக்கு ஆள் வரும் நாளில் முடிந்தால் நானும் வருகிறேன்.