வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

குழுவில் சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஒரு வணிக வளாகத்தில் அப்போதுதான் துடைத்து ஈரம் காயாமல் கிடந்த தரையில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, இப்போது படுக்கை. எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. முதலில் அன்பாக நலம் விசாரித்த நிர்வாகம், "பார்த்து நடந்திருக்கணும்" என்கிறது இப்போது. (கீழே பார்த்துக்கொண்டே யார் நடக்கிறார்கள்?)

விழுந்தது மட்டும் போதாது, ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், கவனிக்காமல் விட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டுமாம். துடைத்ததே அவர்கள் ஆள்தான் என்பதால் அது கஷ்டமில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஆள் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். நோட்டீஸ் யாருக்கு அனுப்புவது? கட்டட உரிமையாளருக்கா, ஒப்பந்ததாரருக்கா, இருவருக்குமா?

அவசரம் சிசிடிவி பதிவுதான். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி நாங்களே கடிதம் கொடுத்தால் போதுமா, வழக்கறிஞர் மூலம்தான் போக வேண்டுமா? தரையின் போட்டோ, மருத்துவ ரசீதுகள், அம்மா போட்டிருந்த செருப்பு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவர் மீதும் பாதித் தவறு என்று வாதிட்டால் இழப்பீடு குறையும் என்பதால் செருப்பைக்கூட விடவில்லை.

இதற்கிடையே அவர்கள் தரப்புக் காப்பீட்டுக்காரர் ஒரு சிறு தொகை தருவதாகவும், இனி எதுவும் கோரமாட்டோம் என்று கையெழுத்திடும்படியும் கேட்கிறார். சிகிச்சையே முடியவில்லை. வழக்குப் போடக் காலக்கெடு உண்டு என்பதால் இழுக்கவும் பயம். இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?