விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஓலை வேலை
(எங்கள் வளவு – குடும்பக் குழு)

சின்ன அக்கா, கொழும்பு: அனைவருக்கும் வணக்கம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாங்கள் ஊருக்கு வருகிறோம். ரொறன்ரோவில் இருந்து மச்சாள் குடும்பமும் அப்போது வருகிறது. பிள்ளைகளுக்குப் பனையோலை வேலை பழக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சென்ற விடுமுறையில் மகளை இங்கே ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தேன். சாயம் போட்டு ஒரே அகலத்தில் கீற்றாக வார்ந்து வைத்த ஓலையைக் கொடுத்து, ஏற்கெனவே அடி இழைத்திருந்த சிறு பெட்டியில் மேல் வரிசைகளை மட்டும் பிள்ளைகளைக் கொண்டு பின்னுவித்து, காலையிலேயே வகுப்பை முடித்துவிட்டார்கள். வீட்டில் இன்னொன்று செய்ய முயன்றபோது எங்கே தொடங்குவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல வகுப்பு எங்கே நடக்கிறது?

மாமா: பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானதில் இருந்து கைவினைப் பயிற்சிகளும் நடத்தி வருகிறது. அங்கே விசாரிக்கலாம். ஆயினும் அந்தப் பயிற்சிகள் இதைத் தொழிலாகச் செய்ய விரும்புபவர்களுக்கே கூடுதலாகப் பொருந்தும். சின்னப் பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்பதை உங்கள் பெரியம்மாதான் சொல்ல வேண்டும்.

பெரியம்மா: பிள்ளை, வேறெங்கும் தேட வேண்டாம், எங்கள் வளவிலேயே பழக்குவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்ந்த ஓலையைக் கையில் கொடுத்துத் தொடங்கினால் பிள்ளைகள் பின்னலைப் பார்ப்பார்களே தவிர வேலையைப் பழக மாட்டார்கள். எந்த ஓலை வளைந்து கொடுக்கும், எது முறியும் என்பதை விரல் அறிந்த பிறகுதான் இழைப்பு நேராக வரும். ஆகவே ஓலை வெட்டும் நாளிலேயே அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மாமி மகள், ரொறன்ரோ: மாமி, அப்படியானால் ஓலை காய்வதற்கே பல நாட்கள் போய்விடாதா? நாங்கள் இரண்டு கிழமைதான் ஊரில் நிற்போம். ஓலையை முன்கூட்டியே காயவைத்துவிட்டால் பிள்ளைகள் நேரடியாகப் பின்னத் தொடங்கலாம் அல்லவா?

பெரியம்மா: கொஞ்ச ஓலையை நான் முன்னதாகக் காயவைத்துத் தருகிறேன், பயப்பட வேண்டாம். ஆனால் பச்சை ஓலை எப்படிக் காய்ந்த ஓலை ஆகிறது என்பதையும் அவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும். விரியாத குருத்தை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வெயிலில் பரப்பி, அது பசுமை குறைந்து வெளுத்து வருவதை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். பிறகு ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார வேண்டும். அகலம் கூடிக் குறைந்தால் பெட்டியின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்துவிடும். அப்போது எவ்வளவு இழுத்துப் பின்னினாலும் சரி வராது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம் என்பதால் உச்சி வெயிலில் ஓலை முறுகிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு காலை வேளையில் இழைப்பதே நல்லது. வகுப்பு என்று மணி குறித்து நடத்துபவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை, நமக்கு இருக்கிறது.

சின்ன அக்கா, கொழும்பு: மிக்க மகிழ்ச்சி, பெரியம்மா. முதலில் எதை இழைக்கப் பழக்குவீர்கள்? மகள் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள்.

பெரியம்மா: நீத்துப்பெட்டி கூம்பாக இறங்க வேண்டும், பானையின் வாயில் சரியாக அமர வேண்டும், ஆவி இழைப்பின் ஊடாக ஏறிப் பிட்டை அவிக்க வேண்டும். புதிதாகப் பழகும் கைக்கு அது கடினம். முதலில் நாலு மூலைச் சின்னப் பெட்டி ஒன்று. அடியை இழைக்கும்போது ஓலைகள் நெடுக்கும் குறுக்குமாக ஒன்று விட்டு ஒன்று போகும். அதை எந்தப் பிள்ளையும் விரைவில் பிடித்துக்கொள்ளும். மூலை திருப்பும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அங்கே இரண்டு பக்கத்து ஓலைகளையும் ஒன்றையொன்று கடக்கவிட்டு மேலே திருப்பினால், அதுவரை நேராகக் கிடந்த இழைப்பு சரிவாக ஏறத் தொடங்கும். அந்த இடத்தை நான் செய்து கொடுக்க மாட்டேன்; அவிழ்த்து அவிழ்த்து அவர்களே திருப்பட்டும். முதல் மூலை விளங்கிவிட்டால் மற்றவை தானாக வரும். விளிம்பை மடித்து, ஓலை நுனிகளைச் சத்தகத்தின் கூரான வாலால் இழைப்புக்குள் செருகி முடிப்பது கடைசி வேலை. சாயம் இந்த முறை வேண்டாம்.

மாமா: அக்கா, கடகம் என்ற பெரிய பெட்டியை நாரால் பொத்துவதையும் காட்ட முடியுமா? மட்டையில் நார் உரிப்பதைப் பெரிய பொடியன்கள் விரும்புவார்கள்.

பெரியம்மா: காட்டலாம், தம்பி. ஆனால் நார் வேலையில் என்னைவிடப் பக்கத்து வளவு ஆச்சியின் கைதான் கெட்டி, அவரை அழைப்போம். இன்றைக்கும் அவர் பெட்டியும் சுளகும் இழைத்து விற்றுத்தான் சீவிக்கிறார். அவரிடம் பழகும் நாட்களுக்கு முழு நாள் கூலி கொடுக்க வேண்டும்; பழக்கத்தில் கூப்பிட்டோம் என்று தேநீருடன் அனுப்பிவைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அவர் நமக்காக வந்து இருக்கும் நேரம் அவருக்கு ஒரு பெட்டியின் விலை.

மாமி மகள், ரொறன்ரோ: முழுமையாக உடன்படுகிறேன், மாமி. ஆச்சியின் கூலியை நாங்கள் இரண்டு குடும்பமும் பகிர்ந்து கொள்கிறோம். அவர் இழைத்து வைத்திருக்கும் நீத்துப்பெட்டிகளையும் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறோம். பேரம் பேச மாட்டோம்.

மாமா: நல்லது. நீங்கள் வந்து இறங்கியதற்கு அடுத்த நாள் காலையில் ஓலை வெட்டுவதற்கு ஆளைச் சொல்லி வைக்கிறேன். ஒரே வடலியில், அதாவது இளம் பனையில், திரும்பத் திரும்பக் குருத்தை எடுத்தால் மரம் சோர்ந்துவிடும். ஆகையால் கிணற்றடி வடலிகளை விட்டுவிட்டு வேலியோரத்து மரங்களில் ஒவ்வொன்று மட்டும் வெட்டச் சொல்கிறேன்.

பெரியம்மா: சரி தம்பி. சத்தகம் என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. இன்னும் மூன்று வாங்கி வையுங்கள். சின்னவர்களுக்கு வார்வதை நான் செய்து கொடுக்கிறேன், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் கத்தி பிடிக்கட்டும்.