விடுவிரல் கையுறை: இந்தப் பெயர் சரிவருமா?

ஐயா, வணக்கம்.

கம்பளி நூலில் பின்னுகிற, விரல்களை மூடாத கையுறைக்கு ‘விரலில்லாக் கையுறை’ என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடி வெயிலில் இது எதற்கு என்று தோன்றலாம். என் அக்கா மகள் டொராண்டோவில் இருக்கிறாள். முழு உறை போட்டால் போனைத் தொட முடியவில்லை, போடாவிட்டால் கை விறைக்கிறது என்றாள். அவளுக்காகப் பின்னுகிறேன். அப்படியே செய்முறையைத் தமிழில் எழுதி வைக்கலாம் என்று பார்த்தால் தலைப்பே பிடிபடவில்லை.

‘விரலில்லாக் கையுறை’ எனக்கு ஒப்பவில்லை. விரல் இல்லாதது கைக்கா, உறைக்கா? ‘விரலில்லாக் கை’ என்று சேர்த்துப் படித்தால், விரல் இழந்தவருக்கான உறை என்றாகிவிடும். ஆசையாகக் கொடுக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாமே. ‘அரைக்கையுறை’ என்றால் அரைக்கைச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. ‘மணிக்கட்டுறை’யும் போதாது, இது உள்ளங்கையையும் மூடி விரல்களின் அடி வரை போகிறது.

ஆனால் ‘கையுறை’ என்ற சொல்லை நாம் விடவே கூடாது. அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்கென்று கொண்டுவரும் தழைக்கும் பூவுக்கும் கையுறை என்றுதான் பெயர். குறுந்தொகையின் முதல் பாட்டே தோழி கையுறை மறுத்தது. செங்காந்தள் எங்கள் குன்றிலேயே நிறைய இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். பரிசு என்ற பொருள் ஏற்கெனவே உள்ள சொல், பரிசாகப் பின்னும் ஒன்றுக்கு எவ்வளவு பொருத்தம்!

அதன் முன்னால் ‘விடுவிரல்’ சேர்க்கலாம் என்பது என் யோசனை. விடுகதை, விடுமுறை மாதிரி வினைத்தொகை. விரல் இல்லை என்று சொல்லாமல், விரலை வெளியே விட்டிருக்கிறது என்று சொல்கிறது. வாயிலும் எளிதாக வருகிறது.

செய்முறையில் வைத்துப் பார்த்தேன்: “விடுவிரல் கையுறைக்கு நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலும் 4 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியில் தளர்வாக 40 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி, இரண்டு நேர்ப்பின்னல் (knit), இரண்டு புரட்டுப்பின்னல் (purl) என்று மாற்றி மாற்றி 18 செ.மீ. உயரம் வரும்வரை பின்னுங்கள். முடிக்கும்போதும் தளர்வாகவே முடியுங்கள். இறுக்கினால் விரலடியில் பிடிக்கும். துண்டை நெடுக்கில் மடித்து, மணிக்கட்டுப் பக்கமிருந்து 9 செ.மீ. தைத்து, பெருவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மீதியைத் தையுங்கள். இன்னொன்றும் இதே போலத்தான். இடது வலது கிடையாது.” சரளமாகத்தான் இருக்கிறது. நேரும் புரட்டும் மாறி மாறி வந்து மேடும் பள்ளமுமாக வரிகள் விழுவதால், இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். அதனால் எதிரில் இல்லாத ஒருவரின் கைக்கும் துணிந்து பின்னலாம்.

இன்னொன்றும் பாக்கி. தைக்காமல் விடும் அந்த 5 செ.மீ. இடத்துக்கு ‘திறப்பு’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் ஓலைக் கொட்டான் (ஓலைக் கூடை) முடைகிறவர்களைக் கேட்டால், அதன் திறந்த பக்கத்தைக் கொட்டான் வாய் என்பார்கள். சாக்குக்கும் பைக்கும் வாய்தானே? ‘பெருவிரல் வாய்’ என்று வைத்துக்கொள்ளலாமா? பார்சல் அனுப்புவதற்குள் செய்முறைத் தாளையும் எழுதி உள்ளே வைக்க வேண்டும். உங்கள் முடிவைச் சீக்கிரம் சொல்லுங்கள், ஐயா.