புதுப்பிப்பு: சூடானால் 3-வது கியர் ஏறாத பழைய ஆட்டோமேட்டிக், காரணம் கிடைத்தது

முன்பு கேட்டிருந்தது: பழைய 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கார், அரை மணி நேரம் ஓடியதும் 2-லிருந்து 3-க்கு ஏறாமல் எஞ்சின் அலறுகிறது; ஆறவிட்டால் சரியாகிறது. ஆயில் மாற்றியும் தீரவில்லை.

கோளாறு ஷிஃப்ட் சோலனாய்டு பி-யில் (கியர் மாற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு). ஸ்கேனரில் வந்து வந்து மறைந்த பி0758 (P0758, அந்த சோலனாய்டின் மின்சுற்றில் கோளாறு என்னும் கோடு) அதைத்தான் சொன்னது. குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் சரியான ஓம்ஸ் காட்டியதால் முதலில் தப்பிவிட்டது. ஓட்டி முடித்த சூட்டோடு கனெக்டரைக் கழற்றி அளந்தால் ரீடிங்கே இல்லை. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (coil) சூட்டில் இணைப்பு விட்டுப்போகிறது. தயவுசெய்து சூட்டிலும் அளக்காமல் எந்த சோலனாய்டையும் நல்லது என்று விடாதீர்கள்.

கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டை (oil pan) கழற்றியபோது, அதில் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் மை போன்ற மெல்லிய சாம்பல் பசை மட்டும். அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லும் கருகிய வாடையும் இருந்தால் கதை வேறு, கிளட்ச் பிளேட்டையே பார்க்க வேண்டும்.

வடிந்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். சமதரையில், எஞ்சின் ஓட, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, மேனுவல் சொல்லும் முறைப்படி டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் சூடாக இருக்கும்போதைய அளவுக்கான குறியைப் பாருங்கள். அளவு கூடினால் ஆயில் நுரைத்து கியர் வழுக்கும்.