ஷெவராய் மலை, 4500 அடின்னு மட்டும் எழுதிருக்குற பழைய செடி லேபிள், இடத்த எப்படி கண்டுபிடிக்கிறது?

குகை_பொண்ணு:
எம்எஸ்சி பாட்டனி படிக்கிறேன், சேலம். ப்ராஜெக்டுக்கு டுமோர்டியேரா ஹிர்சுட்டாங்குற லிவர்வர்ட் (ஈரப்பாறையில ஒட்டி வளர்ற, பாசி மாதிரி சின்னச் செடி) எடுத்திருக்கேன். ஒரு ஹெர்பேரியம் (காஞ்ச செடிகள சேத்து வைக்கிற இடம்) ரெக்கார்டுல "ஷெவராய் மலை, 4500 அடி, ஈரப்பாறை" இவ்ளோதான் இருக்கு, அதாவது ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலை, ஆனா ஆன்லைன் மேப்ல புள்ளி வச்சிருக்காங்க, அங்க போய் பாத்தா காப்பித் தோட்டம், ஓடையே இல்ல. செடி அழிஞ்சிருச்சுன்னு எழுதிடலாமா?

மலைப்பாசி:
எழுதிடாதம்மா. பழைய லேபிள்கள்ல பெரும்பாலும் அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது, பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்துறவங்க மலைப் பேர வச்சு நடுவுல ஒரு புள்ளி வச்சிடுவாங்க. உனக்கு உருப்படியான துப்பு அந்த 4500 அடிதான். அது 1372 மீட்டர், அப்போ எடுத்தவரு அந்த உயரத்துல இருக்குற ஏதோ சரிவுலதான் நின்னுருக்கணும். நூறு எரநூறு அடி முன்னபின்ன இருக்கும், ரவுண்டா எழுதுறது அப்போ வழக்கம்.

இன்னொன்னு, செடியோட பேரையும் சரிபாரு, மார்கான்ஷியாங்குற வேற லிவர்வர்ட்டா இருக்கலாம். ஹெர்பேரியத்துல அந்தக் காஞ்ச செடி இருக்குற பாக்கெட்ட பிரிக்க அனுமதி கெடச்சா சின்னத் துண்ட வெதுவெதுப்பான தண்ணில போடு, காஞ்ச தாலஸ் (இலை மாதிரி தட்டையான உடம்பு) விரிஞ்சுக்கும். மார்கான்ஷியான்னா மேல கட்டம் கட்டமா, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு துளை தெரியும், ஜெம்மா கிண்ணமும் (புதுச் செடியா வளர்ற துணுக்குகள் இருக்குற குட்டிக் கிண்ணம்) இருக்கலாம். டுமோர்டியேராவுல அந்தத் துளையும் கிண்ணமும் இருக்காது, கரும்பச்சையா வழவழன்னு இருக்கும்.

நாகலூர்_தோட்டம்:
பாட்டனி தெரியாதுங்க, ஆனா ஓடை தெரியும். ஏற்காடு ஏரி நெறஞ்சு வழியுற தண்ணிதான் கிளியூர் அருவிக்கு போகுது, அந்தப் பக்கம் வெயிலே படாத பாறை நெறைய இருக்கு. சித்திரையில வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போயிடாதீங்க, ஐப்பசி கார்த்திகையில வாங்க. பாறை வழுக்கும், தனியா எறங்காதீங்கம்மா.

மலைப்பாசி:
தோட்டக்காரரு சொல்றது ரொம்ப சரி. போறதுக்கு முன்னாடி வனத்துறை அனுமதி வாங்கிக்கோ, ஒரு விரல் அளவு எடுத்தா போதும், நெழல்ல காயவச்சு பேப்பர் பாக்கெட்ல போடு, வெயில்ல வேணாம். லேபிள்ல ஜிபிஎஸ், உயரம், எந்த ஓடை, பாறையா மண்ணா எல்லாம் எழுது. அந்த ஒரு வரி இல்லாமதான நீ இப்போ அலையுற.

குகை_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, ஐயா உங்களுக்கும். "அழிஞ்சிருச்சு"ன்னு எழுதுன பாராவ தூக்கிட்டேன். தீபாவளி முடிஞ்சு ஃப்ரெண்டோட வரேன், நாகலூர் பக்கம் வருஷம் பூரா தண்ணி கசியுற பாறை எதாவது இருக்குங்களா?